பதினாறில் ஒரு புலி

இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் போவிங்டன் என்ற ஊரில் டாங்கிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ‘டைகர் 131’ என்ற ஜெர்மன் டாங்கி நிற்கிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் நடந்த சண்டையில், பிரிட்டிஷ் சர்ச்சில் டாங்கி ஒன்று சுட்ட குண்டு அதன் பீரங்கிக் குழலுக்கு அடியில் பட்டுத் தெறித்து, மேலே சுழலும் கூண்டை அசையவிடாமல் இறுக்கிவிட்டது. உள்ளே இருந்த ஐந்து பேரும் வண்டியை அப்படியே விட்டு இறங்கி ஓடினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் அதைக் கப்பலேற்றிக் கொண்டுபோய்ப் பகுதி பகுதியாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். நீண்ட மராமத்துக்குப் பிறகு 2003 கடைசியில் அது மறுபடியும் ஓடத் தொடங்கியது. 2014-இல் வந்த ‘ஃப்யூரி’ படத்திலும் தலைகாட்டியிருக்கிறது. குண்டு பட்ட வடு இன்னும் அதன் உடம்பில் இருக்கிறது.

டாங்கி மாடல் கட்டுகிறவர்களுக்கு இப்படி அசல் ஒன்று கண்முன் நிற்பது பெரிய வசதி. குழல் முனையிலிருந்து பின்பக்கம் வரை 8.45 மீட்டர் நீளம், 57 டன் எடை, முன்பக்கக் கவசம் 100 மில்லிமீட்டர் கனம் என்று எல்லாக் கணக்கும் கையில் இருக்கிறது. பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 53 சென்டிமீட்டர் வண்டி. பெரிய அளவு மாடல்களில் இந்த 1/16 மிகவும் புழங்குவது. ஆனால் கிட்டில் உள்ள பாகங்களைச் சொன்னபடி ஒட்டி, சொன்ன நிறத்தை அடித்து மேசையில் வைத்துப் பார்த்தால், அளவெல்லாம் மயிரிழை பிசகாமல் இருந்தும் அது டாங்கியாகத் தெரியாது, பொம்மையாகத்தான் தெரியும். நீளத்தைச் சுருக்கினோம், சரி. எடை, ஒளி, தூசி, தண்ணீர் இவையெல்லாம் அதே விகிதத்தில் கூடவே சுருங்குவதில்லை. மாடல் கட்டுபவர் நிறம் தீட்டி, கறை ஏற்றி, துருப்பிடிக்கவைத்து மாதக்கணக்கில் செய்யும் வேலையெல்லாம் இந்த ஒத்துழையாமையைச் சரிக்கட்டத்தான்.

எடையில் தொடங்குவோம். நீளம் 16 மடங்கு குறைந்தால் கன அளவு 16-இன் முப்படியாக, அதாவது 4,096 மடங்கு குறையும். 57 டன் புலி அதே எஃகில் அதே விகிதத்தில் செய்தால் சுமார் 14 கிலோ. ஆறில் ஒரு பங்கு அளவில் முழு உலோகத்தில் செய்கிறவர்களும் உண்டு. அங்கே கணக்கு 264 கிலோவுக்குப் போய்விடும், வீட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போக நாலைந்து ஆள் வேண்டும். டாங்கி மாடல்களில் அதிகம் புழங்கும் 1/35 அளவில் வெறும் 1.3 கிலோ. இந்த 35 என்ற எண்ணுக்குக் கணித நியாயம் எதுவும் கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கி மாடல் ஒன்றை வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் அடங்க வேண்டுமே என்று உடலை அந்த அகலத்துக்கு அமைத்தார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அசலில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்கு வந்தது. வண்டி நன்றாக விற்றது, எண்ணும் நிலைத்துவிட்டது.

பெரிய அளவுக்குப் போவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மனிதக் கண்ணால் 30 சென்டிமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் வரை பிரித்தறிய முடியும். 1/35 மாடலில் அது அசல் வண்டியின் 3 மில்லிமீட்டருக்குச் சமம். 1/16-இல் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சின்ன மாடலில் கண் தானாக மன்னித்துவிடும் விஷயங்களைப் பெரிய மாடலில் மன்னிக்காது. திருகின் தலையில் வெட்டு இருக்கிறதா, வார்ப்பு எண் புடைத்து நிற்கிறதா, வெல்டிங் வரியில் அலையலையாக மடிப்புத் தெரிகிறதா என்று பார்வை தேடும். டைகரின் கவசத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து வெல்டிங் செய்யப்பட்டவை. கிட்டில் அந்த இடம் பெரும்பாலும் ஒரு மெல்லிய கோடாக மட்டும் இருக்கும். அங்கே பட்டியை நூல்போல உருட்டி வைத்து, காய்வதற்குள் கத்தி முனையால் பிறை பிறையாக அழுத்திக்கொண்டு போக வேண்டும். தகடுகளின் மேற்பரப்பும் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கக் கூடாது. உருளையில் அழுத்தி எடுத்த எஃகுத் தகட்டில் மெல்லிய மேடுபள்ளம் இருக்கும். வார்த்தெடுத்த பாகத்தில் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு இருக்கும்.

ஒட்டும் வேலையிலும் ஒரு வெல்டிங் நடக்கிறது. கிட்டுகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுபவை; உடையாமல் இருக்கச் சிறிது ரப்பரும் கலந்திருக்கும். இதற்கான பசை என்று விற்பது உண்மையில் கரைப்பான். தண்ணீர்போல ஓடும் வகையில் அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் இருக்கும். இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும். நுண்புழை ஈர்ப்பால் திரவம் அந்த இடுக்கு நெடுகிலும் தானே ஓடிவிடும். தொட்ட இரு பரப்புகளும் இளகி, இரு பக்கத்து நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக். பெரிய மாடலில் அரை மீட்டர் நீளத்துக்கு இணைப்பு வரும். வார்ப்பச்சில் குளிரும்போது பாகங்கள் லேசாக வளைந்திருக்கவும் கூடும். ஆகவே ரப்பர் பேண்டு, கிளிப் எல்லாம் போட்டு இறுக்கிவைத்து, ஒரு நாள் தொடாமல் இருப்பது நல்லது. அவசரக்காரர்களுக்கான பொழுதுபோக்கு இல்லை இது.

அடுத்தது ஒளி. என்னைக் கேட்டால் பொம்மைத்தனத்துக்கு முதல் குற்றவாளி இதுதான்.

வெயிலில் நிற்கும் அசல் டாங்கியை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்குச் சூரியன் அரை டிகிரி அகலமே உள்ள சின்ன வட்டு. அதனால் பரப்பிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பின் நிழல், கத்தியால் வெட்டியதுபோல விழும். அதன் ஓரம் மங்குவது 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். அதே விளிம்பு மாடலில் 6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே 2 மீட்டர் தூரத்தில் நாலடிக் குழல்விளக்கு எரிகிறது. மாடலிலிருந்து பார்த்தால் அந்த விளக்கின் நீளம் 30 டிகிரிக்கு மேல் விரிந்திருக்கும். விளக்கின் நீளவாக்கில் நிழல் ஓரம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டருக்குக் கரைந்துபோகும். அசலுக்கு மாற்றிச் சொன்னால் 6 சென்டிமீட்டர். மூடிகளுக்கு அடியில், திருகுகளைச் சுற்றி, தகடுகள் சேரும் இடுக்கில் அசலில் விழும் கூர்மையான நிழல்கள் மாடலில் கரைந்து காணாமல் போய்விடுகின்றன. நிழல் இல்லாத பொருளைப் பார்த்தால், பெரிய விளக்கின் அடியில் ஏதோ சின்னச் சாமான் இருக்கிறது என்று மூளை சரியாகவே ஊகித்துவிடுகிறது.

ஆகவே இல்லாத நிழலைக் கையால் வரைய வேண்டியிருக்கிறது. கரும்பழுப்பு வண்ணத்தை நிறையத் தின்னர் விட்டு நீர்க்கச் செய்து இடுக்குகளில் ஓடவிடுவதற்கு ‘வாஷ்’ என்று பெயர். தூரிகையில் வண்ணம் எடுத்து, துணியில் துடைத்து, ஏறக்குறைய காய்ந்த மயிரால் மேடுகளை மட்டும் வருடுவது ‘டிரை பிரஷ்’; வெளிச்சம் படும் விளிம்புகள் அதில் எழும்பி வரும். பெல்ஜியத்துக்காரரான ஃபிரான்ஸ்வா வெர்லிண்டன் 1970, 80-களில் இந்த இரண்டையும் பத்திரிகைகள் வழியாக உலகெங்கும் பரப்பினார். ஒரு தலைமுறையே அவரைப் பார்த்து எல்லா விளிம்பையும் வெளுக்கவைத்தது. சில மாடல்கள் மாவில் புரட்டியவைபோல இருந்தன. பிற்பாடு வந்த ஸ்பானியக் கலைஞர்கள் ஏர்பிரஷ் கொண்டு ஒவ்வொரு தகட்டையும் மேலே வெளிறலாகவும் கீழே அடர்த்தியாகவும் தீட்டும் முறையைப் பிரபலமாக்கினார்கள். உத்திகள் வேறானாலும் இரு சாராரும் தீட்டியது வராத வெயிலைத்தான்.

அசல் வண்டியின் நிறத்தையே மாடலுக்கு அடித்தால் அது கறுத்துத் தெரியும் என்பது அனுபவசாலிகள் எல்லோரும் ஒப்புக்கொள்வது. கொஞ்சம் வெள்ளை கலந்து அடிக்கச் சொல்வார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம்தான் தேறாது. தூரத்து மலை நீலமாக வெளிறித் தெரிவதுபோல, நடுவில் இருக்கும் காற்று நிறத்தை வெளிறச் செய்கிறதாம். 1/35 மாடலை 30 சென்டிமீட்டரிலிருந்து பார்ப்பது அசலைப் பத்து மீட்டரிலிருந்து பார்ப்பதற்குச் சமம் என்பதால் அந்த வெளிறலைச் சேர்க்க வேண்டுமாம். இருபது கிலோமீட்டர் வரை கண்ணுக்குத் தெரியும் ஒரு சாதாரண நாளில், பத்து மீட்டர் காற்று சேர்க்கும் வெளிறல் ஐந்நூறில் ஒரு பங்குதான். எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது.

உண்மைக் காரணங்கள் வேறு. திறந்த வெயிலில் ஒளி ஒரு லட்சம் லக்ஸைத் தொடும்; அறைக்குள் சில நூறு லக்ஸ். ஒளி கூடினால் நிறம் பளிச்சென்று தெரியும், குறைந்தால் மங்கும். நிற அறிவியலில் இதற்கு ஹன்ட் விளைவு என்று பெயர். இரண்டாவது, பரப்பு. பெயிண்ட் கடையின் ஷேட் கார்டில் அடக்கமாகத் தெரிந்த மஞ்சள், சுவர் முழுக்க அடித்த பிறகு கண்ணைக் குத்துவதைப் பார்த்திருப்போம். அதே விளைவு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. வெள்ளை கலப்பது சரியான மருந்து. நோய்க்குச் சொன்ன பெயர்தான் தவறு.

நிறத்தின் ‘அசல் எண்’ பற்றி நடக்கும் சண்டைகளில் எனக்கு ஆர்வம் இல்லை. 1943 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவம் எல்லா வண்டிகளுக்கும் அடிநிறம் அடர்மஞ்சள் என்று உத்தரவு போட்டது. மேலே தீட்டிக்கொள்ள ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் கெட்டிக் குழம்பாக டப்பாவில் வந்தன. களத்தில் கிடைத்த பெட்ரோலையோ தண்ணீரையோ விட்டுக் கலக்கிச் சிப்பாய்களே அடித்துக்கொண்டார்கள். எவ்வளவு விட்டார்கள் என்பதைப் பொறுத்து நிறம் வண்டிக்கு வண்டி மாறியது.

வாஷ் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சின்ன வேலையில் எத்தனை இயற்பியல் அடங்கியிருக்கிறது என்பது அங்கே தெரியும். பளபளப்பில்லாமல் ‘மேட்’ பூச்சாக உலர்ந்த பெயிண்ட் நுண்ணளவில் கரடுமுரடானது. அதன் மேல் வாஷை வைத்தால் நாலாபக்கமும் ஊறிப் பரவி அழுக்குத் திட்டாகிவிடும். முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிட்டால், திரவம் வழவழப்பில் நிற்காமல் இடுக்கைத் தேடி ஓடும். திருகின் அடியில் தூரிகையைத் தொட்ட மாத்திரத்தில் அதைச் சுற்றி ஒரு கரு வளையம் தானே போட்டுக்கொள்ளும். அடிநிறம் அக்ரிலிக்காக இருந்தால் வாஷ் எண்ணெய் வண்ணத்தில் இருக்க வேண்டும். காய்ந்த அக்ரிலிக்கை டர்பன்டைன் எளிதில் கரைக்காது, பிடிக்காததைத் துடைத்தெடுக்கலாம். எல்லாம் சரியாகச் செய்தும் சில சமயம் காய்ந்த துளியின் விளிம்பில் மட்டும் கோடு விழும். காபி சிந்திய மேசையில் விழும் அதே வளையம்தான் அது. துளியின் ஓரம் பரப்பில் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது, அங்கே ஆவியாதல் அதிகம், அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும்போது நிறமித் துகள்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகனும் குழுவினரும் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார்கள். டர்பன்டைன் தொட்ட தூரிகையால் ஓரத்தை வருடிவிடுவது மாடல் கட்டுபவரின் விடை. கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. லேக்கர் வகைத் தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைப்பதால் காற்றின் ஈரம் அதில் படிந்து, வார்னிஷ் வெண்புகைபோல மூட்டம் போட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் ஸ்பிரே அடிக்காமல் இருப்பது உத்தமம்.

துருவுக்கு வருவோம். புதிதாக மாடல் கட்டுகிறவர்கள் கைநிறைய அள்ளிப் பூசுவது இதைத்தான். எந்தப் பாகம் துருப்பிடிக்கும், எவ்வளவு நாளில் என்று கேட்டுக்கொண்டால் பாதி ஆசை அடங்கிவிடும். இரும்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் முதலில் வருவது ஆரஞ்சு நிறத் துரு. நாளாக ஆக அது கரும்பழுப்பாக முதிரும். துரு தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் பெயிண்டை உள்ளிருந்து கொப்புளமாகத் தூக்கும். டைகர் 131 பிடிபடும் முன் துனிசியாவில் ஓடிய காலம் சில வாரங்கள். அந்த வறண்ட மண்ணில் பத்து சென்டிமீட்டர் எஃகு துருவால் ஓட்டையாகியிருக்காது. பெயிண்ட் சிராய்ந்த இடத்திலும் உடனே எஃகு தெரிந்துவிடாது. அடியில் பிரைமர் இருக்கிறது. நம் வீட்டு ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் அதே ரெட் ஆக்சைடு வகைச் செந்நிறம். அதைத் தூரத்திலிருந்து பார்த்துத் துரு என்று நினைப்பவர்கள் உண்டு.

நிஜமாகவே துருப்பிடிப்பது சைலன்சர். மெல்லிய தகடு, பெயிண்டைக் கருக்கிவிடும் சூடு, வண்டி ஆறியதும் உள்ளே வியர்க்கும் அமில ஈரம் என்று மூன்று எதிரிகள் அதற்கு. சங்கிலிப் பட்டையும் துருப்பிடிக்கும், ஆனால் அதற்கு வேறு வாழ்க்கை. ஓரிரவு மழையில் பழுப்பேறும். காலையில் பத்து கிலோமீட்டர் ஓடினால் தரையில் தேயும் மேடுகளும், சக்கரம் உருளும் உள்பக்கமும் மட்டும் வெள்ளிபோல மின்னும், பள்ளங்களில் பழுப்பு அப்படியே கிடக்கும். அமெரிக்காவின் எம்113 கவச வண்டியின் உடல் அலுமினியக் கலவை. அது துருப்பிடிக்கவே பிடிக்காது. சிராய்த்தால் மங்கின வெள்ளி தெரியும். வியட்நாம் காட்சி அமைத்து, எம்113 பக்கவாட்டில் ஆரஞ்சு ஒழுக விட்டிருக்கும் மாடல்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

சிராய்ப்பைச் செய்வதற்கு நல்ல உத்தி ஒன்று இருக்கிறது. முதலில் துருநிறம் அல்லது பிரைமர் நிறம் அடித்துக் காயவிடுவது. அதன் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே. அதற்கும் மேலே அக்ரிலிக் மேல்நிறம். மேல்நிறம் முற்றிலும் இறுகுவதற்குள் வெதுவெதுப்பான தண்ணீரைத் தடவினால், அது மேல்பூச்சின் நுண்துளைகள் வழியாக இறங்கி, நீரில் கரையும் ஹேர்ஸ்பிரே படலத்தை ஊறவைத்துவிடும். கட்டைத் தூரிகையால் தேய்த்தால் மேல்நிறம் செதில் செதிலாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் பெயரும். கை வரையும் எந்தக் கீறலிலும் அந்த ஒழுங்கின்மை வராது. பெரிய மாடலில் எச்சரிக்கை ஒன்று: அசல் வண்டியின் பெயிண்ட் 0.1 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் 1/16-இல் அது 0.006 மில்லிமீட்டராக இருக்க வேண்டும். நாம் அடிக்கும் பூச்சுகள் எல்லாம் சேர்ந்தால் 0.05-ஐ எளிதாகத் தொட்டுவிடும். பெயர்ந்த ஓரம் சுவரில் காரை பெயர்ந்ததுபோலத் தடித்துத் தெரியும். மெலிதாக அடி என்று எல்லாப் பழையவர்களும் சொல்வதன் கணக்கு இது.

துருவுக்கு எந்த வண்ணம் வாங்குவது என்றால் ஓவியர்களின் ‘பர்ன்ட் சியன்னா’ போதும். அது இரும்பு ஆக்சைடு கலந்த மஞ்சள் மண்ணை வறுத்து, அதனுள் கட்டுண்ட நீரை விரட்டிச் சிவப்பாக்கிய பொருள். நம் காவிக்கல்லும் அந்தக் குடும்பம்தான். துருவைத் துருவாலேயே தீட்டுகிறோம்.

தூசி விஷயத்தில் அதிர்ஷ்டம் நம் பக்கம். விற்கும் நிறமித் தூள்கள் சில மைக்ரான் அளவிலானவை. பதினாறால் பெருக்கினாலும் நுண்மணல் அளவைத் தாண்டாது. அவ்வளவு சின்னத் துகளில் எடையைவிடப் பரப்பின் ஒட்டுவிசை வலுவானது என்பதால் செங்குத்துச் சுவரிலும் பிடித்து நிற்கும். மணலில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அரை மில்லிமீட்டர் மணலைச் சேற்றுக்குப் போட்டால் அசலில் அது 8 மில்லிமீட்டர் சரளைக் கல். ஆகவே சேற்றுக்கு மாவாகச் சலித்த மண்தான். தண்ணீர் இன்னும் மோசம். பரப்பு இழுவிசை அளவைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மாடலில் நிற்கும் 4 மில்லிமீட்டர் துளி, அசலில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய நீருருண்டை. எனவே ஈரத்தை ஒருபோதும் தண்ணீரால் காட்டக் கூடாது, பளபளப்பு வார்னிஷால்தான் காட்ட வேண்டும். மழை வழிந்த தடத்துக்குப் பரப்பில் எண்ணெய் வண்ணத்தில் ஊசிமுனைப் புள்ளி ஒன்று வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தூரிகையால் நேர்கீழாக ஒரே இழுப்பு. புள்ளி கோடாகிக் கோடு கரைந்து தகட்டின் பாதியிலேயே மறைந்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டாவது இழுப்பு இழுத்தால் மொத்தமும் போய்விடும்.

ரேடியோவில் ஓட்டும் 1/16 டாங்கிகளில் கடைசியாக ஒரு தகராறு வரும். நிறுத்தி வைத்தால் அசலேபோல இருக்கும் வண்டி, ஓடவிட்டதும் பொம்மையாகிவிடும். பட்டையின் தொய்வு ஒரு காரணம். இளக்கமாகக் கோத்த சங்கிலி எந்த அளவிலும் ஒரே வளைவில்தான் தொங்கும். ரப்பர் பட்டையோ தன் விறைப்பால் தொங்க மறுக்கும். கண்ணி கண்ணியாகக் கோத்த உலோகப் பட்டைக்கு மாற்றினால் இது சரியாகிவிடும். மற்றது புவியீர்ப்பு. அசல் டாங்கி ஒரு மீட்டர் மேட்டிலிருந்து சரிந்து விழ அரை வினாடி கிட்டத்தட்ட ஆகும். மாடல் தனக்குரிய ஆறு சென்டிமீட்டர் மேட்டிலிருந்து ஒன்பதில் ஒரு வினாடியில் விழுந்துவிடும். நீளம் 16 மடங்கு சுருங்கினால் நேரம் அதன் வர்க்கமூலமாக, நான்கு மடங்கு சுருங்குகிறது. சினிமாக்காரர்கள் இதற்கு வினாடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 96 பிரேமில் படம்பிடித்து மெதுவாக ஓட்டுகிறார்கள். அப்படிப் படம்பிடிக்கும்போது, மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடிய டைகரின் மாடலைப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் விரட்ட வேண்டும். நேரில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு என்றால் இரண்டரை கிலோமீட்டர், நடப்பவரைவிட மெதுவாக. அப்போதும் மேடுபள்ளத்தில் அது துள்ளுவதை ஒன்றும் செய்ய முடியாது. வண்டிக்குள் ஈயத்துண்டுகளை வைத்து 14 கிலோவை எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. பட்டை மண்ணைப் பற்றுவது நன்றாகிறது, ஸ்பிரிங்குகள் சரியாக அமுங்குகின்றன, பிளாஸ்டிக் கியர்கள் உடைகின்றன. துள்ளல் மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் விழும் வேகத்துக்கும் எடைக்கும் சம்பந்தம் இல்லை.